ஊனமுற்ற காலும் உயர்ந்த நடையும்

போர்க்களத்தில் வீரன் விழும் நாளை வரலாறு எழுதி வைக்கிறது. அவன் உயிர் பிழைத்து வீடு திரும்பிய பின் படும் பாட்டை எழுதுவோர் சிலரே. பீரங்கிக் குண்டு ஒரு நொடியில் செய்ததை ஆயுள் முழுவதும் சுமந்தவர் லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார். சேசு சபையின் தந்தை என அவரை நாம் அறிவோம். காயமுற்ற போர்வீரராகவும் அவரை அறிவது நமக்கு நலம்.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில், பிரபுக் குடும்பம் ஒன்றில், 1491ஆம் ஆண்டு பிறந்தார் இஞ்ஞாசியார். இனிகோ என்பது இயற்பெயர். இளமையில் அழகிய உடையிலும் வாட்போரிலும் பேர்புகழிலும் அவருக்கு அளவற்ற மோகம். 1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. சரணடைவதே மேல் என மற்றவர்கள் எண்ணியபோது, எதிர்த்து நிற்கும்படி தளபதியை இணங்க வைத்தவர் அவரே. குண்டு ஒன்று அவரது வலது காலை நொறுக்கி, இடது காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது. எதிரிகளே அவருக்குச் சிகிச்சை செய்து, தூக்குக் கட்டிலில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

வீட்டில்தான் உண்மையான போர் தொடங்கியது. எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று மருத்துவர்கள் அதை மீண்டும் உடைத்துச் சேர்த்தனர். அக்காலத்தில் மயக்க மருந்து இல்லை. கைகளை இறுக மூடிக்கொண்டு அவர் பொறுத்தார். சாகும் நிலைக்குச் சென்று, இறுதி அருட்சாதனங்களைப் பெற்று, பின் தேறினார். ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நின்றது, கால் குட்டையாகிவிட்டது. இறுக்கமான காலணி அணிய முடியாதே என்ற கவலையால், துருத்திய எலும்பை அறுக்கச் சொன்னார். காலைக் கருவிகளால் இழுத்து நீட்டவும் செய்தார்கள். அத்தனையும் வீண். அன்று தொடங்கிய நொண்டல், இறக்கும்வரை 35 ஆண்டுகள் அவரை விட்டு நீங்கவில்லை.

படுக்கையில் பொழுது போக்க வீரக் கதைகள் கேட்டார். அவை வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. உலகப் புகழை எண்ணும்போது முதலில் இனித்துப் பின் மனம் வறண்டது. புனிதர்களை எண்ணும்போது வந்த இன்பமோ நிலைத்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததே அவருடைய மனமாற்றத்தின் வித்து.

1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் மொன்செராத் மலையில் தேவதாயின் பீடத்தருகே வாளைக் கழற்றி வைத்தார். அப்பயணத்தில் ஒரு காலுக்கு மட்டும் செருப்பு அணிந்திருந்தார். கட்டுப் போட்டிருந்தும் அந்தக் கால் இரவுதோறும் வீங்கியது. அதே காலோடு எருசலேம் சென்று திரும்பினார். பின் 33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றார். பாரீஸில் 1534ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தோழர் அறுவரோடு வார்த்தைப்பாடு கொடுத்தார். அவர்களில் ஒருவரான புனித சவேரியார் 1542ஆம் ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1540ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் சேசு சபையை அங்கீகரித்தார்.

மன்ரேசாவில் கடுந்தவத்தால் உடலை மேலும் வருத்திய இஞ்ஞாசியார், பிற்காலத்தில் சபைக்குச் சட்டம் வகுத்தபோது உடல்நலத்தை அளவோடு பேணவும் நோயாளிகளை அன்போடு கவனிக்கவும் கட்டளையிட்டார். நோவை அறிந்தவருக்கே பிறர் நோவு புரியும் அல்லவா? 1556ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் உரோமையில் அவர் இறைவனடி சேர்ந்தபோது, சபையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். 1622ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்டார்.

போர் ஒரு நாளில் முடியும், காயம் முடிவதில்லை. இஞ்ஞாசியாருக்குத் தாங்கிப் பிடிக்க வீடும், வேளைக்கு மருத்துவரும், படிக்க நூல்களும் இருந்தன. அவை இல்லாமல் திரும்பும் வீரர்கள் எத்தனையோ பேர். 1949ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7ஆம் நாள் கொடி நாள் அனுசரிக்கப்படுகிறது. அன்று சிறு கொடியை உடையில் குத்திக்கொண்டு உண்டியலில் காசு போட்டதும் கடமை முடிந்தது என எண்ணலாகாது. நம் தெருவில் கோலூன்றி நடக்கும் முன்னாள் படைவீரரைக் கண்டால் வணங்குவோம். அவர் பேச விரும்பினால் பொறுமையாகச் செவிகொடுப்போம். புனித இஞ்ஞாசியாரே, காயமுற்று வாழும் வீரர் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்!