கிப்லாவைக் கணக்கிட்ட பேரறிஞர் அல்பிரூனி (ரஹ்)

அயோத்தியாப்பட்டணத்தில் ஒருவர் புது வீடு கட்டுகிறார். தொழுவதற்கென ஓர் அறையும் ஒதுக்குகிறார். கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டால் மேற்கு என்பார்கள் பெரியவர்கள். மேற்குதான், ஆனால் நேர் மேற்கா, சற்று வடக்கே சாய்ந்த மேற்கா? அன்றாடம் ஐவேளை முகம் திருப்பும் திசையல்லவா அது! இந்தக் கேள்விக்கு விடைகாண ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெருநூல் எழுதியவர்தான் அபூ ரைஹான் அல்பிரூனி (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 362, கி.பி. 973-இல், இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள குவாரிஸ்ம் பகுதியில் காத் நகரில் பிறந்தார்கள். முக்கோணக் கணிதத்தில் புகழ்பெற்ற அபூ நஸ்ர் மன்சூர் அவர்களிடம் கல்வி பயின்றார்கள். 997-இல் சந்திர கிரகணம் ஒன்றைக் காத் நகரில் இவரும், பக்தாதில் அபுல் வஃபா அவர்களும் ஒரே இரவில் கவனித்தார்கள். கிரகணம் தெரிந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு இரு நகரங்களுக்குமிடையேயுள்ள தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கண்டார்கள்.

1017-இல் குவாரிஸ்மைக் கைப்பற்றிய சுல்தான் மஹ்மூது, அவர்களைக் கஸ்னாவுக்குக் கொண்டு சென்றார். ஊர் மாறியது, நிலைமை மாறியது. அறிவுத் தேட்டம் மட்டும் மாறவில்லை. அடுத்த ஆண்டு காபூலுக்கருகே ஒரு சிற்றூரில் இருந்தபோது கையில் அளவுக் கருவி ஏதுமில்லை. அதனால் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. கணக்குப் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு பகுதியைக் கீறி, பாகைகளாகப் பிரித்து, தூக்குக்குண்டு கட்டிச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள்.

இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை முக்கோணக் கணக்கால் கண்டு, உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார்கள். அது 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று அதிகம். இந்த ஒரு கோணத்தையும் மலையின் உயரத்தையும் செங்கோண முக்கோணத்தில் வைத்துப் பூமியின் ஆரத்தையே கணக்கிட்டார்கள்!

1025-இல் முடித்த தஹ்தீத் என்னும் நூலில், நகரங்களின் இருப்பிடங்களை வரையறுத்து, கஸ்னாவின் கிப்லாவைக் கணக்கிட்டுத் தந்தார்கள். இன்று கைபேசியில் கிப்லா காட்டும் கணினி நிரல் செய்வதும் இதே வேலைதான். நம் ஊரின் ரேகைகளையும் மக்காவின் ரேகைகளையும் எடுத்துக்கொண்டு, உருண்டை உலகின்மீது முக்கோணம் போட்டுக் கோணத்தைச் சொல்கிறது. அவர்கள் கையால் போட்ட கணக்கை அது கண்ணிமைப்பொழுதில் போடுகிறது. ஆனால் கைபேசியின் முள் காந்தத்தை நம்புவது. அருகே இரும்பு இருந்தால் தடுமாறும்.

அயோத்தியாப்பட்டணத்துக்கு மக்கா சுமார் 38 பாகை மேற்கிலும், 10 பாகைக்குச் சற்றுக் குறைவாக வடக்கிலும் உள்ளது. சமக்கட்டப் படத்தில் கோடு போட்டால் சாய்வு 14 பாகை என்றே வரும். உலகம் உருண்டை என்பதைச் சேர்த்தால் நேர் மேற்கிலிருந்து வடக்கே 20 பாகை.

இதை வீட்டிலேயே குறிக்கலாம். சமதரையில் வட்டமிட்டு நடுவில் குச்சி நடுங்கள். முற்பகலில் நிழல்முனை வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும், பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அரபு வானியலார் இதற்கு இந்திய வட்டம் என்றே பெயரிட்டார்கள். அந்தக் கோட்டில் ஒரு புள்ளியிலிருந்து மேற்கே 11 அடி அளந்து, அங்கே மூலைமட்டம் வைத்து வடக்கே 4 அடி அளவுங்கள். தொடங்கிய புள்ளியையும் முடிந்த புள்ளியையும் இணைக்கும் கோடே கிப்லா. அதற்குக் குறுக்கே ஸஃப் கோடு போட்டுக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு, இதுவரை தொழுதது என்னாகுமோ என்று கலங்க வேண்டாம். ஐயமிருந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். பள்ளிவாசலில் இதை ஒரு சச்சரவாக்கிவிடவும் வேண்டாம்.

அல்பிரூனி அவர்கள் கஸ்னாவில் மரணப் படுக்கையில் இருந்தபோது, பார்க்க வந்த மார்க்க அறிஞரிடம் வாரிசுரிமைச் சட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டதாக வரலாற்றில் வருகிறது. இந்த நிலையிலா கேட்பது என்று அவர் தயங்க, அறியாமல் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்றார்களாம். சொல்லக் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார்கள். விடைபெற்ற அறிஞர் வீதியில் செல்லும்போதே வீட்டினுள் அழுகுரல் எழுந்தது.

அத்தகைய தாகத்தில் ஒரு துளியை அல்லாஹுத் தஆலா நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.