மேகத்தை வரைந்த புகைப்படக் கலைஞர்

சித்திரை, வைகாசி மாதங்களில் ஒசூர்ப் பக்கம் கருமேகம் திரண்டால், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து செல்லிடப்பேசிகள் வானை நோக்கி உயர்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் கூரைகளுக்கு மேல் வெட்டிய மின்னல், அடுத்த சில நிமிடங்களில் ஊரெங்கும் படமாகப் பரவுகிறது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, இருளில் சில விநாடிகள் அதன் கண்ணைத் திறந்து வைத்தால் போதும். இடையில் தோன்றும் மின்னல் தானே பதிவாகிவிடும். (இந்த ஆர்வத்தில் திறந்தவெளியிலும் குன்றின் உச்சியிலும் நிற்பது உயிருக்கே ஆபத்து. நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கின்றனர்.)

ஒசூரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள ராயக்கோட்டைக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பு ஒருவர் கேமராவுடன் வந்தார். மின்னல் இருக்கட்டும், ஒரு மேகத்தைக்கூட அவரால் எளிதில் பதிவு செய்ய முடியவில்லை. ஆயினும், தமிழகத்தின் தொடக்ககாலப் புகைப்பட வரலாற்றை அவர் பெயரை விலக்கி எழுத இயலாது. அவர் லின்னேயஸ் ட்ரைப்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822-ஆம் ஆண்டு பிறந்த ட்ரைப், பதின்பருவத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றபோது, அன்று புதுமையாக இருந்த புகைப்படக் கலை அவரை ஈர்த்தது. 1854-இல் பெங்களூருக்குத் திரும்பியவர், பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். 1855-இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில் அப்படங்கள் பாராட்டைப் பெற்றன.

அதே ஆண்டு, பர்மிய மன்னரின் அவைக்குச் சென்ற கம்பெனியின் தூதுக்குழுவில் அவரும் இடம்பெற்றார். மழையும் உடல்நலக் குறைவும் குறுக்கிட்ட அப்பயணத்தில், 200-க்கும் மேற்பட்ட எதிர்மறைப் பிரதிகளுடன் அவர் திரும்பினார். இதையடுத்து, சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அவர் நியமிக்கப்பட்டார்.

1857-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அவரது தமிழகப் பயணத்தில் ராயக்கோட்டையும் இடம்பெற்றது. 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது கம்பெனிப் படை கைப்பற்றிய மலைக்கோட்டை அது. மறு ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி முழுவதும் கம்பெனி வசமானது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகள் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தன. ஆகவே, ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் ஒரு தொகுதி 1858-இல் அவரால் வெளியிடப்பட்டது. மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை குறித்த தொகுதிகளும் அதே ஆண்டில் வந்தன.

மெழுகு பூசிய காகிதமே அவரது பெரும்பாலான படங்களுக்கு எதிர்மறையாகப் பயன்பட்டது. அக்காலத்து ரசாயனக் கலவை நீல ஒளியை மிகையாக ஏற்கும் தன்மை உடையது. பாறையும் கோட்டைச் சுவரும் தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால், வானம் வெறும் வெள்ளைப் பரப்பாகவோ, திட்டுத் திட்டாகவோ ஆகிவிடும். நொடியில் மறையும் மின்னலுக்கு அங்கே இடமே இல்லை. இக்குறையை ட்ரைப் தூரிகையால் ஈடுசெய்தார். எதிர்மறைப் பிரதியின் மீது நுட்பமாக வண்ணம் தீட்டி வானத்தைச் சீர்செய்தார். சில படங்களில் மேகங்களையும் வரைந்தார். அவர் காட்டிய கோட்டையும் கோபுரமும் உண்மை; அவற்றின் மேல் மிதந்த மேகங்களில் சில அவர் கைவண்ணம்.

ஆயினும், ஆவணத்தின் மதிப்பை அவர் நன்கு உணர்ந்திருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து இணைத்தார். சுமார் 19 அடி நீளமுள்ள அந்தப் படச்சுருளே அவரது உழைப்புக்குப் போதிய சான்று.

அவரது பணி நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், அரசுக்குப் புகைப்படம் வீண்செலவு என்று கருதி அதை நிறுத்த உத்தரவிட்டார். 1857 கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் நெருக்கடியில் இருந்தது உண்மையே. ஆனால், அந்தச் சிக்கனத்தால் எத்தனை கோயில்களும் ஏரிகளும் தெருக்களும் பதிவாகாமல் போயின என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை. ட்ரைப் படைப்பணிக்குத் திரும்பினார். அதன்பின் மிகச் சில படங்களே எடுத்தார்.

1870-களில் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்ற அவர், சிப்பிகளையும் பவளங்களையும் சேகரித்தார். இதற்கிடையே புகைப்படக் கலை விரைந்து வளர்ந்தது. 1882-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் மின்னலைப் படம்பிடித்தார். ஓவியர்கள் காலங்காலமாகத் தீட்டிவந்த கோணல்மாணலான கோடு மின்னலின் உண்மை வடிவம் அல்ல என்பதை அது காட்டியது. மேகத்தைத் தூரிகையால் வரைந்தவரின் ஆயுட்காலத்திலேயே, மின்னல் தன் வடிவத்தைத் தானே காட்டத் தொடங்கிவிட்டது. ட்ரைப் 1902-இல் தாம் பிறந்த ஊரிலேயே மறைந்தார். லண்டனிலும் வாஷிங்டனிலும் அவரது படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட, அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாயிற்று.

அவர் கம்பெனியின் ஊழியர் என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. தாம் வென்ற நிலத்தின் அரும்பொருள்களைப் பட்டியலிடும் ஆட்சியின் கண்ணும் அந்தக் கேமராவுக்குள் இருந்தது. அவருடைய பெரும்பாலான படங்களில் மக்கள் இல்லை. ஆனால், கல்லையும் கோட்டையையும் அன்றிருந்தவாறே காணும் வாய்ப்பை அவை நமக்குத் தருகின்றன.

இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல் குவாரிகளால் குன்றுகள் கரைகின்றன. ஒசூரைச் சுற்றி விளைநிலங்கள் தொழிற்சாலைகளாகவும் மனைகளாகவும் மாறுகின்றன. வளர்ச்சி தேவைதான். ஆனால், மாறுவதற்கு முன் எப்படி இருந்தது என்ற பதிவும் தேவை. ஒரு மின்னலுக்கு ஆயிரம் படங்கள் எடுக்கும் நாம், ஒரு குன்றுக்கு எத்தனை படங்கள் எடுத்திருக்கிறோம்? மாவட்டந்தோறும் மலைகளையும் ஏரிகளையும் நடுகற்களையும் முறையாகப் படமெடுத்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் ஓர் ஆவணக் காப்பகத்தை அரசு அமைக்க வேண்டும். 1859-இல் ஓர் ஆளுநர் மிச்சப்படுத்திய தொகை இன்று எவருக்கும் நினைவில் இல்லை. அதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களே எஞ்சியிருக்கின்றன.