விண்கல்லை வினவியவர்

வானிலிருந்து மண்ணில் விழும் கற்களை மக்கள் நெடுங்காலமாக அச்சத்தோடும் வியப்போடும் நோக்கி வந்துள்ளனர். அக்கற்களுள் உயிரின் தொடக்கத்திற்கான தடயம் உண்டா என வினவியவர். விடை கிடைத்த பின்னும் அதனை உடனே நம்பிவிடாமல் ஐயுற்று ஆராய்ந்தவர், அறிஞர் சிரில் பொன்னம்பெருமா.

இவர் இலங்கையின் காலி நகரில் 1923ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலில் 1948இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். உயிர் எவ்வாறு தோன்றியது என்பது மெய்யியலின் பழைய வினா. அதனை வேதியியலின் துணையோடு அணுகும் வாய்ப்பு அவருக்கு இலண்டனில் அமைந்தது. அங்கு வேதியியல் பயின்றபோது, உயிரின் தோற்றம் குறித்துச் சிந்தித்து வந்த பெர்னாலின் தொடர்பு கிட்டியது. பின்னர் அமெரிக்காவின் பெர்க்லியில், நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வினின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து 1962இல் முனைவர் பட்டம் பெற்றார். 1963இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியேற்று, வேதிப் பரிணாமப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

விண்கற்களுள் கார்பன் சேர்மங்கள் செறிந்த கருநிறக் கற்கள் மிக அரியவை. சூரியக் குடும்பம் உருவான காலத்துப் பொருள்களை அவை பெரிதும் மாறாமல் காத்து வைத்துள்ளன. எனினும், அவை எளிதில் மாசுறும் இயல்புடையவை. மழைநீர் உட்புகும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் குடியேறும், எடுப்பவரின் விரல் ஈரம்கூட அமினோ அமிலங்களை அவற்றில் விட்டுச்செல்லும். முன்னர்ச் சில விண்கற்களில் காணப்பட்ட அமினோ அமிலங்கள் இக்காரணத்தாலேயே ஐயத்திற்கு உள்ளாயின. பொருள் விண்ணுக்குரியதா, மண்ணுக்குரியதா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலவில்லை.

1969ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்னும் சிற்றூரின் மீது தீக்கோளம் ஒன்று பகல் வேளையில் பாய்ந்து சிதறியது. பல சதுர கிலோமீட்டர் பரப்பில் கருங்கற்கள் விழுந்தன. சாராய ஆவி போன்ற மணம் வீசியதாக ஊரார் கூறினர். வீழ்ச்சியை மக்கள் நேரில் கண்டதால், 100 கிலோகிராமுக்கும் மேற்பட்ட கற்கள் திரட்டப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் அப்போலோ 11 விண்கலம் நிலவின் மண்ணைக் கொணர்ந்திருந்தது. அதனை ஆராய்வதற்காக மாசு நுழையாத ஆய்வகமும் நுண்கருவிகளும் ஏம்ஸ் மையத்தில் ஆயத்தமாக இருந்தன. காலத்தால் நிகழ்ந்த இப்பொருத்தம் அறிவியலுக்குப் பெரும் பேறாயிற்று.

பொன்னம்பெருமாவின் குழுவினர் விரிசல் குறைந்த கல்லைத் தேர்ந்து, அதன் உட்பகுதியை ஆய்வுக்கு எடுத்தனர். அமினோ அமிலங்கள் தென்பட்டன. ஆயினும் அவர்கள் மகிழ்ச்சியில் அவசரப்படவில்லை. மாசு எனக் கருத இடமுண்டா எனத் தேடினர். நம் இரு கைகளைப் போலவே, பெரும்பாலான அமினோ அமிலங்கள் ஒன்றற்கொன்று ஆடிப்பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்களைக் கொள்ளும். புவியின் உயிரினங்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. மர்ச்சிசன் கல்லிலோ இரு வடிவங்களும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. மேலும், உயிர்களின் புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் அதில் காணப்பட்டன. அவை விரல் ஈரத்தாலோ மண்ணாலோ வந்தவை அல்ல என்பது தெளிவாயிற்று. 1970 டிசம்பரில் நேச்சர் இதழில் இம்முடிவு வெளிவந்தது.

உயிரின் மூலப்பொருள்கள் விண்வெளியில் இயற்கையாகவே உருவாகின்றன என்பதே அவ்வாய்வின் சாரம். விண்ணில் உயிர் உண்டு என்று அவர்கள் உரைக்கவில்லை. சான்று காட்டிய எல்லையில் நின்றனர். 1971இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பின்னும் பொன்னம்பெருமா இக்கல்லைத் தொடர்ந்து ஆராய்ந்தார். மரபுப் பொருளான நியூக்ளிக் அமிலங்களின் ஐந்து காரங்களும் அதில் உள்ளன என 1983இல் அறிவித்தார். தாயகத்தை மறவாது, கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 1994ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இத்தகைய கல் எங்கும் விழக்கூடும். 2017 ஜூன் 6ஆம் நாள் ஜெய்ப்பூர் அருகே முகுந்தபுராவில் கார்பன் செறிந்த விண்கல் ஒன்று விழுந்தது. இராஜபாளையத்துக் கண்மாய்க் கரையிலோ திருவில்லிபுத்தூர் வயல்வெளியிலோ நாளை ஒன்று விழலாம். அப்போது அதனை வெறுங்கையால் தொடாமலும் நீரால் கழுவாமலும், தூய அலுமினியத் தாளில் பொதிந்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். ஆய்வகத்தின் நேர்மை, கல்லை முதலில் எடுக்கும் கைகளிலேயே தொடங்குகிறது.