மலர்ப் பள்ளத்தாக்கைத் தேடிச் சென்றவர்

மாடிப்படியைக்கூட நிதானமாக ஏற வேண்டும் என்று எச்சரித்து, பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கில வாலிபரை 1927-ல் விமானப் படையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே மனிதர் 1931-ல், 7,756 மீட்டர் உயரமுள்ள காமெட் சிகரத்தின் உச்சியில் நின்றார்!

அவருக்கு அதிகப் புகழ் தந்தது, ஏறிய சிகரமல்ல; இறங்கி வந்த வழிதான். மழையில் நனைந்துகொண்டே கணவாயைத் தாண்டி, கார்வால் இமயத்திலுள்ள பியூந்தர் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். எங்கு பார்த்தாலும் பூ! 1937-ல் அந்தப் பூக்களுக்காகவே திரும்பி வந்தார். விதை சேர்த்தார், செடிகளைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்தினார். மறு வருஷம் எழுதி வெளியிட்ட புத்தகத்தில் 'மலர்ப் பள்ளத்தாக்கு' என்று பெயர் சூட்டினார். (மலைவாசிகளுக்கு அது முன்பே பழகிய மேய்ச்சல் நிலம்!)

1939-ல் அங்கே செடி சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெகி என்ற மாது, பாறைச் சரிவில் சறுக்கி விழுந்து இறந்தார். அவர் சமாதி பூக்களின் நடுவே இருக்கிறது. பனிமலைகளில் தப்பிய ஸ்மைத்தையோ, 1949-ல் மலேரியா கொண்டுபோயிற்று. அப்போது வயது 48.