மகா வைத்தியநாத சிவன்



நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நம் பிள்ளைகள் குருபூசை நாளிலே தேவாரம் பாடுங்கால், புத்தகத்தைக் கையிற் பிடித்தே பாடுகின்றனர். புத்தகம் மூடினாற் பாட்டும் நின்றுவிடுகின்றது. இக்குறை தீர்க்க விழைவார்க்கு மகா வைத்தியநாத சிவனவர்களின் சரிதம் நல்வழி காட்டும்.

இவர் 1844ஆம் ஆண்டு தஞ்சை நாட்டு வையைச்சேரியிலே பிறந்தார். இவருடைய தமையனார் இராமசாமி சிவன். தியாகராச சுவாமிகளின் மாணாக்கராகிய மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் இவர் இசை பயின்றார். ஆசான் பாடக் கேட்டு, திருப்பிப் பாடி, நெஞ்சிற் பதித்தலே அக்காலத்துப் பயிற்சி. இசைக்குறிப்புகளின் பெருந்தொகுதியாகிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சேறியது 1904ஆம் ஆண்டிலேயாம். சிவனவர்களோ 1893ஆம் ஆண்டிலேயே சிவபதமடைந்துவிட்டார். பன்னிரண்டாம் பிராயத்திலே கல்லிடைக்குறிச்சியில், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையிற் பாடி, மகா என்னும் பட்டம் பெற்றார்.

தஞ்சையிலே 72 மேளகர்த்தா இராகங்களும் அமைந்த மராத்திப் பாட்டொன்றுக்கு அரச குடும்பத்தார் வேண்ட இவர் இசை வகுத்தார். அது மானிடரைப் புகழ்வதாதலின் உள்ளம் ஒவ்வாது, திருவையாற்றுப் பெருமான்மேல் வடமொழியில் மேளராகமாலிகை ஒன்றைத் தாமே இயற்றினார் என்பர்.

72 இராகங்களையும் ஒருவர் நினைவிற் கொள்வது எங்ஙனம்? அப்பாட்டின் அமைப்பே அதற்கு விடை. ஒவ்வோரடியிலும் அவ்வவ்விராகத்தின் பெயர் பொதிந்துள்ளது. அடியைத் தொடரும் சுரக்கோவை அவ்விராகத்திலே தொடங்கி, அடுத்த இராகத்திலே சென்று முடிகின்றது. ஆகவே ஒன்றன் இறுதி மற்றொன்றன் வாயிலாகின்றது. இராகப்பெயரின் முதலிரண்டெழுத்துக்களும் கடபயாதி முறைப்படி அதன் எண்ணைத் தருகின்றன. மேசகல்யாணியில் மகரம் 5, சகரம் 6. இவற்றைத் தலைகீழாக்க 65ஆம் மேளமென்று விளங்கும். இவ்வாறு பொருளும் பெயரும் எண்ணும் இசையும் ஒன்றையொன்று பற்றி நிற்றலின், பாடுவோன் இடையிலே தடுமாறினும் மீண்டும் வழி காண்பான்.

தமையனார் இயற்றிய பெரிய புராணக் கீர்த்தனைகளைப் பாடி, நாயன்மார் சரிதங்களையும் சிவனவர்கள் பிரசங்கித்தார். உள்ளத்தில் ஊறிய பாட்டாதலின் கேட்டோர் உள்ளத்தும் அது சென்று படிந்தது.

அடியேன் இளமையில் மிஷன் பாடசாலையிலே கற்றவன். அங்கே கீதங்களைப் புத்தகம் நோக்கியே பாடினோம். இன்று அவற்றுள் ஒன்றேனும் முழுமையாக நினைவில் இல்லை. வீட்டிலே பாட்டியார் வாய்கேட்டுப் பயின்ற பதிகங்களோ இன்றும் நாவில் நிற்கின்றன.

ஆதலின் ஆசிரியர்காள், திங்களுக்கு ஒரு பதிகமே போதும். முதலிற் பொருளை விளக்குக. பின்னர் அடியடியாகப் பண்ணோடு பாடிக் காட்டுக. ஒரு பாட்டின் ஈற்றடியை அடுத்த பாட்டின் முதலடியோடு சேர்த்தே பாடுவிக்க. இடையில் மறந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாது, முன்னடியை நாமே பாடி எடுத்துக் கொடுத்தல் வேண்டும். இவையெல்லாம் கைகூடுதற்கு முதற்கண் மூடவேண்டியது நம் கையிலுள்ள புத்தகமேயாம்.