வீடுதோறும் ஓவியம்

இராஜா இரவிவர்மா 1848ஆம் ஆண்டு திருவிதாங்கூர் நாட்டின் கிளிமானூரில் பிறந்தார். அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள் அரண்மனைகளை அணிசெய்தன; எளியோர்க்கு அவை எட்டாக் கனிகளாயின. கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ், அவற்றை அச்சிட்டுப் பரப்புமாறு அறிவுறுத்தினார்.

1894இல் இரவிவர்மா மும்பையில் அச்சகம் நிறுவினார். பின்னர் அது நம் புனே மாவட்டத்தில், கார்லே குகைகளுக்கு அருகிலுள்ள மளவலிக்கு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில் படம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர். திருமகளும் கலைமகளும் எளியோர் இல்லங்களிலும் குடிபுகுந்தனர்.

கடன் பெருகவே, இரவிவர்மா அச்சகத்தை விற்றார், 1906இல் மறைந்தார். அச்சுப்படம் உயர்ந்த கலையாகாது எனக் கலையறிஞர் சிலர் இகழ்ந்தனர். மக்களோ அப்படங்களுக்குப் பூச்சூட்டி, விளக்கேற்றி வணங்கினர்.

சிந்தனை வினா: ஒரே படம் ஆயிரம் வீடுகளில் இருப்பின், அதன் கலைமதிப்பு குறையுமா?