கணக்கில் கோட்டை விட்டவர் கட்டிய கார்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, என்னத்தை எழுதுவது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிறீசும் ஸ்பனரும்தான். ஆனபடியால் யாழ்ப்பாணத்து வீதிகளில் எங்களைச் சுமந்து திரிந்த மொறிஸ் மைனரையும், அதைப் படைத்த மனிதரையும் பற்றிச் சொல்லுகிறேன். கணக்குப் பாடத்தில் தவறி, தலைகுனிந்து கல்லூரி வாசலைத் தாண்டிய நண்பர்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். முக்கியமாக அவர்களுக்குத்தான் இது.

அலெக் இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு ஸ்மிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தவர். இன்று அது துருக்கியின் இஸ்மிர். தகப்பனார் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். கப்பல் எஞ்சின் வேலைத்தலம் வைத்திருந்தவர். தாயார் ஜெர்மன் வழி வந்தவர். 1922இல் போர் நகரத்துக்குள் வந்தபோது, இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு பிரித்தானியக் கப்பலில் மால்டாவுக்குப் போனார்கள். அங்கேயே தகப்பனார் காலமானார். அடுத்த வருடம் தாயும் மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஊரை விட்டு உடுத்த துணியோடு வெளிக்கிடுவது என்னவென்று எங்களில் கனபேருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

லண்டனில் பற்றர்சி பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்தார். கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறினார். கணக்குத்தான் தவறியதே தவிர, கை தவறவில்லை. பென்சிலை எடுத்தால் ஒரு உறுப்பு எப்படி நிற்கும், எப்படி அசையும் என்று கண்முன்னே காட்டிவிடுவார். 1934இல் ஹம்பர் கம்பனியின் வரைபட அறையில் சேர்ந்து, முன்சில்லுகள் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷனில் வேலை செய்தார். 1936இல் மொறிஸ் கம்பனிக்கு மாறினார். ஓய்வு நேரத்தில் ஜோர்ஜ் டௌசன் என்ற நண்பரோடு சேர்ந்து, இரும்பு ஸ்பிறிங்குக்குப் பதிலாக றப்பரில் நிற்கும் ஒரு சிறிய பந்தயக் காரைக் கையாலேயே கட்டினார். அது முடிய வருடக்கணக்கானது.

யுத்த காலத்திலேயே வரையத் தொடங்கிய மைனர் 1948இல் வெளிவந்தது. அதில் ஒரு வேடிக்கை. மாதிரிக் கார் தயாரான பிறகு அகலம் போதாது என்று அவருக்குப் பட்டது. காரை நடுவாலே நெடுக அறுத்து, இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் தள்ளினதும் மனதுக்குப் பிடித்துப் போச்சு. மைனரின் பொனற் நடுவில் ஓடும் அந்தப் பட்டை அப்படி வந்ததுதான். பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுவே.

1956இல் சூயஸ் நெருக்கடியால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சின்னக் கார் ஒன்று வேண்டும் என்று மேலிடம் கேட்டது. எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்பெட்டியை அதன் அடியில் புகுத்தி, 10 அங்குலச் சில்லுப் பூட்டி, 10 அடி நீளத்துக்குள் நாலு பேரை இருத்தினார். அதுதான் 1959இல் வந்த மினி. றப்பர் சஸ்பென்ஷனை நண்பர் அலெக்ஸ் மோல்ற்றன் செய்து கொடுத்தார். ஆரம்பத்தில் வந்த மினிகளுக்குள் மழைத்தண்ணி ஏறியது. அந்தக் குறையையும் மறைக்கக்கூடாது. மொன்ற்றி கார்லோ ஓட்டத்தில் 1964, 1965, 1967 மூன்று வருடமும் மினி வென்றது.

இனி என் தொழில் விஷயம். மைனரின் முன்சில்லு, மேலும் கீழும் புரி வெட்டிய ஒரு தண்டில் திரும்பும். அந்தப் புரி ட்றனியன் என்ற துண்டுகளுக்குள் இருக்கும். அப்பா சில்லை ஜக்கில் தூக்கி, பாரத்தை எடுத்துவிட்டுத்தான் கிறீஸ் அடிப்பார். பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை விடமாட்டார். ஒரு வருடம் அந்த வேலை என்னிடம் வந்தது. நான் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டேன். ஒருநாள் சந்தியில் திருப்பும்போது புரி கழன்று சில்லு சரிந்து, கார் முகங்குப்புற இருந்துவிட்டது. பின்சீற்றில் அம்மா. மெதுவாகப் போனபடியால் தப்பினோம். பிழை காரில் இல்லை, என்னில்.

மினியில் அவர் தண்டை விட்டு, மேலொன்று கீழொன்றாக போல் ஜொயின்ற் வைத்தார். எங்கள் தோள்மூட்டு மாதிரித்தான்: கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை. அதைப் பார்ப்பது சுலபம். சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கோ. ஆடினால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கோ. ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் ஜொயின்ற். தூசு மறைக்கும் றப்பர் கிழிந்திருந்தால் மணலும் தண்ணியும் உள்ளே போய் உருண்டையைத் தின்றுவிடும். கிழிந்த அன்றே மாற்றவேண்டும். கழற்றும்போது புரியில் சுத்தியல் படக்கூடாது. புதிதைப் பூட்டினால் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் உருண்டை திரும்பும் வரை சரிபார்க்கவேண்டும். அவசரப்படுகிறவனுக்கு இது சரிவராது.

இசிகோனிஸ் கலியாணம் செய்யவில்லை. தாயாரைக் கடைசிவரை தன்னோடு வைத்துப் பார்த்தார். 1967இல் றோயல் சொசைற்றி உறுப்பினரானார். 1969இல் சேர் பட்டம் கிடைத்தது. 1988 ஒக்ரோபர் 2ஆம் திகதி பேர்மிங்ஹாமில் காலமானார். மினி 2000ஆம் ஆண்டு வரை, 53 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது.

1990க்குப் பிறகு பெற்றோல் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெயில் மைனர்களை ஓட்டி நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் எங்கள் ஊர்க் கராஜ்காரர்கள். அவர்களில் சிலர் எங்கள் வகுப்பில் கணக்கில் தவறியவர்கள். மூன்று முறை தவறிய ஒருவர் வரைந்த காரை, அவரைப் போலவே தவறியவர்கள் ஓடவைத்தார்கள். ஒன்றுகூடலுக்கு வரும்போது அவர்களை முன்வரிசையில் இருத்துங்கோ.